எம்எல் மாடல டெவ்ல இருந்து ப்ராடுக்கு கொண்டு போறது: அடிக்கடி கேக்குற கேள்விங்க

எம்எல்னா மெஷின் லேர்னிங், டேட்டாவ பாத்து கத்துக்கிட்டு பதில் சொல்றது தான் மாடல். டீம்ல புதுசா சேர்றவங்க, வேற டீம்ல இருந்து கால் பண்றவங்கன்னு ஆள் மாறினாலும் கேள்வி மாறுறதில்ல, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். மேலேருந்து படிங்க, கீழ போகப்போக மேல சொன்னத வச்சு தான் பேசுவேன்.

லேப்டாப்ல நல்லா ஓடுது. நேரா சர்வர்ல ஏத்திட வேண்டியது தானே, நடுவுல டெஸ்ட், ஸ்டேஜிங்னு எதுக்கு இழுக்கணும்?

டெவ் (டெவலப்மென்ட்)ங்கறது நீங்க இஷ்டத்துக்கு ஒடைச்சு பாக்குற எடம். ப்ராட் (ப்ரொடக்ஷன்)ங்கறது மாடல் சொல்றத நம்பி யாரோ ஒருத்தர் ஏதோ செய்யப்போற எடம், லோன் அப்ளிகேஷன ரிஜெக்ட் பண்றாங்க, ஒருத்தரோட மெயில ஸ்பாம்ல தள்றாங்க. நடுவுல டெஸ்ட், ஸ்டேஜிங்னு இருக்குறது (சில டீம்ல ரெண்டும் ஒண்ணு தான்) ப்ராட் மாதிரியே இருக்கணும், ஆனா அங்க ஒடைஞ்சா யாருக்கும் வலிக்கக்கூடாது, அவ்ளோ தான் அதோட வேலை.

சாதா சாஃப்ட்வேருக்கும் இதே தானேன்னு கேப்பீங்க. ஆமா, ஆனா சாதா கோட் கெட்டுப்போனா பெரும்பாலும் எரர் அடிக்கும், லாக்ல செவப்பா தெரியும், யாராவது பாத்துடுவாங்க. மாடல் கெட்டுப்போனா எரரே வராது, எல்லாம் சரின்னு அர்த்தமாகுற 200 ஓகேன்னு ரெஸ்பான்ஸ் அழகா போகும், உள்ள இருக்குற நம்பர் மட்டும் குப்பையா இருக்கும், அது தெரியவே ஒரு மாசம் ஆகலாம். அதனால தான் இங்க நடு எடம் இன்னும் முக்கியம்.

மாடல்னா அந்த பிக்கிள் ஃபைல் தானே? அத காப்பி பண்ணி அங்க போட்டா முடிஞ்சுதே

முடியல. கீழ வர்ற பிரச்சனைல பாதி இந்த நெனப்புல இருந்து தான் ஆரம்பிக்குது. பிக்கிள்ங்கறது பைத்தான் ஆப்ஜெக்ட அப்படியே ஃபைலா சேவ் பண்றது, அதுல வெயிட்ஸ் (ட்ரெயினிங்ல மாடல் கத்துக்கிட்ட நம்பருங்க) இருக்கும், ஆனா கிளாஸோட கோட் இருக்காது, பேரு மட்டும் தான் இருக்கும், தொறக்கும்போது அந்த மெஷின்ல இருக்குற லைப்ரரில போய் அந்த பேர தேடும். சைக்கிட்-லேர்ன்ங்கற எம்எல் லைப்ரரில ஒரு வெர்ஷன்ல சேவ் பண்ணினத வேற வெர்ஷன்ல லோடு பண்றதுக்கு சப்போர்ட் இல்லன்னு அவங்க டாக்குமென்டேஷன்லயே இருக்கு, லோடு பண்ணும்போது ஒரு வார்னிங் வேற வரும், அத யாரும் படிக்கிறதில்ல. 2024 ஜூன்ல நம்பர் கணக்கு பண்ற நம்பை லைப்ரரி 2.0 வந்தப்போ உள்ள ஒரு மாட்யூலோட பேரு மாறிச்சு, அதுல சேவ் பண்ணின ஃபைல 1.24, 1.25 மாதிரி பழைய நம்பை இருக்குற சர்வர்ல தொறந்தா அப்படி ஒரு மாட்யூலே இல்லன்னு நின்னுடும். நின்னா கூட பரவால்ல, தெரிஞ்சுடுது. நிக்காம ஓடி வேற பதில் சொல்றது தான் ஆபத்து.

அதனால நாங்க மூட்டைன்னு ஒரு பேரு வச்சிருக்கோம். மூட்டைக்குள்ள வெயிட்ஸ், ப்ரீப்ராசஸிங் கோட் (மாடலுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி டேட்டாவ தயார் பண்றது), காலம் (டேபிளோட column) எந்த வரிசைல வரணுங்கறது, த்ரெஷோல்ட் (ஸ்கோர் எவ்ளோக்கு மேல போனா ஆமான்னு எடுத்துக்கறதுங்கற எல்லை), லைப்ரரி வெர்ஷன் எல்லாத்தையும் பூட்டி வச்ச லாக் ஃபைல், எந்த டேட்டா ஸ்னாப்ஷாட்ல ட்ரெயின் ஆச்சு, எந்த கிட் கமிட் (கோடோட எந்த வெர்ஷன்), எல்லாம் சேர்ந்து தான் இருக்கணும். ஒண்ண விட்டாலும் என்ன ஆகும்னு பாருங்க: பாண்டாஸ்ங்கற டேபிள் லைப்ரரில கெட்-டம்மீஸ் ஃபங்ஷன் போட்டு கேட்டகரி காலம பிரிக்கிறோம், ட்ரெயினிங்ல அஞ்சு கேட்டகரி, அஞ்சு காலம் வந்துது. ப்ராட்ல ஒரு ரெக்வெஸ்ட்னா ஒரே ரோ, ஒரே கேட்டகரி, ஒரே காலம் தான் வரும். அப்புறம் யாரோ அவசரத்துக்கு மிச்ச நாலையும் கைல எழுதி ஒட்டுவாங்க, வரிசை மாறிடும், மாடல் சிரிச்சிக்கிட்டே தப்பு பதில் குடுக்கும். ட்ரெயினிங்ல ஃபிட் பண்ணின என்கோடரயே (கேட்டகரிய காலமா மாத்துறது) பைப்லைன் ஆப்ஜெக்டா மாடலோட சேர்த்து சேவ் பண்ணினா இந்த கூத்தே இல்ல.

இன்னொண்ணு, எங்கேயோ டவுன்லோடு பண்ணின பிக்கிள தொறக்காதீங்க. அது தொறக்கும்போதே எந்த கோட வேணா ஓட்டும். வெயிட்ஸ் மட்டும் போதும்னா சேஃப்டென்சர்ஸ் ஃபார்மட் இருக்கு.

டாக்கர் போட்டாச்சு, அப்போ வெர்ஷன் தொல்லை எல்லாம் போயிடுச்சுல்ல?

டாக்கர் கோட், லைப்ரரி எல்லாத்தையும் ஒரே இமேஜா கட்டி வைக்கும், அந்த இமேஜ் ஓடும்போது அது கன்டெய்னர். அதனால முக்கால்வாசி போயிடுச்சு. மிச்ச கால்வாசி எங்க இருக்குன்னா, டெவ்ல ஒரு தடவ பில்ட், டெஸ்ட்ல ஒரு தடவ பில்ட், ப்ராடுக்கு மறுபடி ஒரு பில்ட்னு மூணு இமேஜ் போடுறாங்க பாருங்க, அங்க. டாக்கர்ஃபைல் ஒண்ணு தானேன்னு தோணும், ஆனா வெர்ஷன் பூட்டாத ஒரு லைப்ரரி நடுவுல அப்டேட் ஆகியிருந்தா நீங்க டெஸ்ட் பண்ணினது ஒண்ணு, ப்ராட்ல ஓடுறது வேற ஒண்ணு. ஒரே தடவ பில்ட் பண்ணுங்க, அதே இமேஜ எடம் எடமா நகர்த்துங்க. லேட்டஸ்ட்னு டேக் வச்சு நகர்த்தாதீங்க, அந்த டேக் நாளைக்கு வேற இமேஜ காட்டும். இமேஜோட ஷா256 டைஜஸ்ட (அதோட கைரேகை மாதிரி) வச்சு குறிப்பிட்டா மாறவே மாறாது.

டாக்கருக்குள்ள வராத விஷயமும் இருக்கு. ஜிபியு டிரைவர் வெளிய ஹோஸ்ட் மெஷின்ல தான் இருக்கும், கன்டெய்னர்ல இருக்குற கூடா (CUDA, ஜிபியுல கணக்கு ஓட்டுற சாஃப்ட்வேர்) வெர்ஷனுக்கு அந்த டிரைவர் பழசா இருந்தா ஓடாது. அப்புறம் ஆப்பிள் சிலிக்கான் மேக்ல பில்ட் பண்ணினா ஆர்ம் சிப்புக்கான இமேஜ் தான் வரும், எக்ஸ்86 சிப் இருக்குற சர்வர்ல அது ஸ்டார்ட்டே ஆகாது. பில்ட லேப்டாப்ல பண்ணாம சிஐ பைப்லைன்ல (தானா பில்ட், டெஸ்ட் பண்ற சர்வர்) பண்ணுங்கன்னு சொல்றது இதுக்கும் சேர்த்து தான்.

அப்போ என்விரான்மென்ட்டுக்கு என்விரான்மென்ட் எது மாறலாம்?

டேட்டாபேஸ் அட்ரஸ், பாஸ்வேர்டு, எத்தன ரெப்ளிகா (ஒரே சர்வீஸோட காப்பி), லாக் லெவல். எல்லாம் வெளிய என்விரான்மென்ட் வேரியபிள்ல இருந்தோ சீக்ரெட் மேனேஜர்ல இருந்தோ வரணும். கோடுக்குள்ள "இது ப்ராடா இருந்தா இப்படி பண்ணு"ன்னு ஒரு இஃப் இருந்தா, அந்த இஃப்புக்கு உள்ள இருக்குறது டெஸ்ட்ல ஒரு தடவ கூட ஓடாத கோட்னு அர்த்தம்.

த்ரெஷோல்ட கான்ஃபிக்ல வச்சு ப்ராட்ல மட்டும் மாத்திக்கலாமான்னு நெறைய பேர் கேப்பாங்க. வேணாங்க. 0.5ங்கறது அந்த மாடலோட ஸ்கோர் எப்படி பரவியிருக்குன்னு பாத்து வச்சது, அடுத்த மாடல் வந்தா அதே 0.5க்கு வேற அர்த்தம், பழைய த்ரெஷோல்டோட புது மாடல் ஓடினா ஃப்ளாக் ஆகுற எண்ணிக்கை ரெண்டு மடங்கு ஆகலாம், பாதியாவும் ஆகலாம். கூகுள்ல இருந்து 2015ல எம்எல் சிஸ்டத்தோட டெக்னிக்கல் டெப்ட் பத்தி வந்த பேப்பர்ல ஒரு வரி, ஒண்ண மாத்தினா எல்லாமே மாறும்னு. அது இங்க நேரா பொருந்தும். த்ரெஷோல்ட் மூட்டைக்குள்ள தான்.

எம்எல்ஃப்ளோல ஸ்டேஜிங், ப்ரொடக்ஷன்னு மாத்துற ஸ்டேஜ் பட்டன் டெப்ரிகேட்டட்னு காட்டுதே?

எம்எல்ஃப்ளோங்கறது மாடல் வெர்ஷன பதிஞ்சு வைக்கிற டூல். ஆமா, அதோட 2.9 வெர்ஷன்ல இருந்து ஸ்டேஜ கைவிடச் சொல்றாங்க. அதுக்கு பதிலா ஏலியஸ் (ஒரு வெர்ஷனுக்கு வைக்கிற செல்லப்பேரு), டேக். "சாம்பியன்"னு ஒரு ஏலியஸ் வச்சு அத புது வெர்ஷனுக்கு நகர்த்திட்டா சர்வர் அந்த ஏலியஸ பாத்து எடுத்துக்கும். பழைய பிளாக் போஸ்ட்டெல்லாம் ஸ்டேஜ வச்சு தான் எழுதியிருக்கும், கொழம்பாதீங்க.

டெவ்ல ட்ரெயின் பண்ணின மாடலயே ப்ராடுக்கு தள்றதா, இல்ல கோட மட்டும் தள்ளி ப்ராட்ல மறுபடி ட்ரெயின் பண்றதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க

ரெண்டு வழியும் உண்டு. மாடல தள்றது சுலபம், ட்ரெயினிங் ஒரு தடவ தான், பெரிய ஜிபியு செலவு ஒரு தடவ தான், டெஸ்ட் பண்ணின அதே வெயிட்ஸ் தான் ப்ராட்ல ஓடும். மைனஸ் என்னன்னா, டெவ்ல இருக்குற ஆளுங்களுக்கு உண்மையான டேட்டா வேணும், இல்லன்னா மாடல் உருப்படியா வராது. உண்மையான டேட்டான்னா கஸ்டமரோட பேரு, நம்பர் எல்லாம், அத எல்லாரோட நோட்புக்லயும் இறக்க விட்டா செக்யூரிட்டி டீம் சண்டைக்கு வருவாங்க, அவங்க வர்றது நியாயம் தான்.

கோட தள்ற வழில டெவ்ல சின்ன டேட்டா, மாஸ்க் பண்ணின (பேரு, நம்பர் மறைச்ச) டேட்டா வச்சு பைப்லைன் ஓடுதான்னு மட்டும் பாப்பீங்க, நெஜ ட்ரெயினிங் ப்ராட்ல ஆட்டோமேட்டிக்கா நடக்கும், ஆளுங்க யாரும் டேட்டாவ தொட வேணாம். அடிக்கடி ரீட்ரெயின் பண்ற மாடலா இருந்தா நான் இதத்தான் சொல்லுவேன். ஆனா ப்ராட்ல பொறந்த மாடல யாரும் கண்ணால பாக்கலல்ல, அதனால ட்ரெயினிங் முடிஞ்சதும் ஒரு கேட் வேணும்: ஹோல்ட்-அவுட் டேட்டால (ட்ரெயினிங்குக்கு காட்டாம ஒதுக்கி வச்சது) இப்ப ஓடுற மாடல விட மோசமா இருந்தா ப்ரமோட் ஆகவே கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ட்ரெயின் பண்ற மாடலுக்கு இவ்ளோ பைப்லைன் கட்டுறது வெட்டி வேலை, மாடலயே தள்ளிடுங்க. டேட்டாவுக்கு ஆளுங்க படிக்க மட்டும் முடியுற, பேரு, நம்பர் மட்டும் மறைச்ச காப்பி ஒண்ணு குடுத்துட்டா போதும்.

ஸ்டேஜிங்ல என்னத்த டெஸ்ட் பண்றது? அக்யூரசி தான் ஏற்கனவே பாத்தாச்சே

அக்யூரசிய அங்க மறுபடி பாக்க வேணாம். முதல்ல ஒரு கோல்டன் ஃபைல் வச்சுக்கோங்க, நூறு இருநூறு ரோ போதும், ட்ரெயினிங் முடிஞ்ச அன்னைக்கே ஒவ்வொண்ணுக்கும் மாடல் என்ன ஸ்கோர் குடுத்துச்சுன்னு பக்கத்துல எழுதி மூட்டையோட சேர்த்து அனுப்பிடுங்க. ஸ்டேஜிங்ல அதே ரோக்கள ஏபிஐ (மத்த ப்ரோக்ராம் மாடல கூப்பிடுற வாசல்) வழியா அனுப்பி அதே ஸ்கோர் வருதான்னு பாருங்க. அச்சு அசலா சமமா இருக்கணும்னு கேக்காதீங்க, சிபியு மாறினா, ஜிபியு மாறினா ஃப்ளோட்டிங் பாயின்ட்ல கடைசி டிஜிட்ஸ் மாறும், 0.0001 அளவுக்கு விட்டுக்குடுங்க. அதுக்கு மேல மாறினா வழில எங்கேயோ ப்ரீப்ராசஸிங் மாறியிருக்கு. நான் பாத்த வரைக்கும் மத்த எல்லா டெஸ்ட்டும் சேர்ந்து புடிக்கிறத விட இந்த ஒரு டெஸ்ட் அதிகமா புடிக்கும்.

அடுத்து அசிங்கமான இன்புட். நல் (null, மதிப்பே இல்லாதது), காலி ஸ்ட்ரிங், ட்ரெயினிங்ல பாக்கவே பாக்காத கேட்டகரி, நம்பர் வர வேண்டிய எடத்துல "12.5 "ன்னு பின்னாடி ஒரு ஸ்பேஸோட வர்ற டெக்ஸ்ட், மைனஸ் வயசு. ஒவ்வொண்ணுக்கும் என்ன ஆகணும்னு நீங்க முடிவு பண்ணியிருக்கணும், எரரா இல்ல டீஃபால்ட் பதிலா. முடிவு பண்ணாம விட்டா மாடலே முடிவு பண்ணிடும்.

கடைசியா ஸ்டார்ட் ஆகுறத பாருங்க, இத பல பேர் பாக்குறதே இல்ல. கன்டெய்னர ஓட்டி பாத்துக்குற குபர்னெட்டீஸ்ல லைவ்னெஸ் ப்ரோப்னு ஒண்ணு இருக்கு, டீஃபால்ட்டா 10 செகண்டுக்கு ஒரு தடவ உயிரோட இருக்கியான்னு கேக்கும், தொடர்ந்து 3 தடவ பதில் இல்லன்னா கன்டெய்னர கொன்னுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணும். உங்க மாடல் மெமரில ஏறவே ஒரு நிமிஷம் ஆகும்னு வைங்க, ஏறி முடிக்கிறதுக்குள்ள கொன்னுடும், மறுபடி ஏற ஆரம்பிக்கும், மறுபடி கொன்னுடும், ராத்திரி பூரா இதே தான் நடக்கும். ஏறி முடிக்கிற வரைக்கும் காத்திருக்குற ஸ்டார்ட்அப் ப்ரோப் தனியா குடுத்தா சரியாகிடும். டெவ்ல சின்ன மாடல் வச்சு பாத்திருந்தா இது உங்க கண்ணுல பட்டிருக்கவே இருக்காது.

என் லேப்டாப்ல 40 மில்லிசெகண்ட், ப்ராட்ல 400. சர்வர் என் லேப்டாப்ப விட பெருசு சார், எப்படி?

பெருசா இருக்குறதால தான். சர்வர்ல 64 கோர் இருக்கும், உங்க கன்டெய்னருக்கு 2 சிபியு லிமிட் போட்டிருப்பாங்க. ஆனா நம்பை, பைடார்ச் (மாடல் ஓட்டுற லைப்ரரி) இதுக்கெல்லாம் அடியில இருக்குற மேத்ஸ் லைப்ரரி பல சமயம் அந்த லிமிட்ட பாக்காது, மெஷின்ல இருக்குற கோர எண்ணி அத்தன த்ரெட்ட கிளப்பும், 2 சிபியு மேல அவ்ளோ த்ரெட்டும் அடிச்சுக்கும், கெர்னல் வேற நடுநடுவுல நிறுத்தி வைக்கும். OMP_NUM_THREADSங்கற என்விரான்மென்ட் வேரியபிள 2ன்னு வச்சு பாருங்க, பைடார்ச்சுன்னா torch.set_num_threads. பெரும்பாலும் அதோட கேஸ் முடிஞ்சுது.

இதுக்கு தம்பி பிரச்சனை மெமரி. கூனிகார்ன்ங்கற பைத்தான் வெப் சர்வர்ல 4 வொர்க்கர் ப்ராசஸ் வச்சா மாடல் 4 காப்பியா ஏறும், 2 ஜிபி மாடல்னா 8 ஜிபி. லிமிட் 6 ஜிபின்னா பாட் (குபர்னெட்டீஸ்ல கன்டெய்னர் ஓடுற யூனிட்) செத்துடும், எக்ஸிட் கோட் 137ன்னு காட்டும், பைத்தான் லாக்ல ஒரு வரி இருக்காது. 137ன்னு பாத்தா முதல்ல மெமரிய சந்தேகப்படுங்க. அப்புறம் லோடு டெஸ்ட் பண்ணும்போது ஆவரேஜ மட்டும் பாக்காம 99வது பெர்சன்டைலையும் (100ல 99 ரெக்வெஸ்ட் இதுக்குள்ள முடியுதுங்கற நேரம்) பாருங்க, யூசர் திட்டுறது அதுக்கு தான்.

டெஸ்ட்ல சூப்பர் ஸ்கோர், ப்ராட்ல சொதப்புது, எரரும் இல்ல, கோல்டன் ஃபைலும் பாஸ். இப்ப என்ன பண்றது?

கோல்டன் ஃபைல் பாஸ்னா மாடல், ப்ரீப்ராசஸிங் ரெண்டும் ஓகே. அப்போ மாடலுக்குள்ள போற ஃபீச்சரே (மாடலுக்கு குடுக்குற இன்புட் வேல்யூ) வேற மாதிரி போகுது. ட்ரெயினிங்ல ஃபீச்சர எஸ்க்யூஎல்ல ஒருத்தர் கணக்கு பண்ணியிருப்பார், ப்ராட்ல அதையே ஜாவால இன்னொருத்தர் திரும்ப எழுதியிருப்பார், ரெண்டு பேரும் நல்லவங்க தான், ஆனா "கடைசி 7 நாள்"னா ஒருத்தருக்கு இன்னைக்கும் சேர்த்தி, இன்னொருத்தருக்கு நேத்தோட முடிஞ்சுது. ஒருத்தர் யூடிசி நேரத்துல நாள கட் பண்ணுவார், இன்னொருத்தர் லோக்கல் நேரத்துல. ஒருத்தர் நல் (null) வேல்யூவ 0 ஆக்குவார், இன்னொருத்தர் மைனஸ் 1.

தேடுற வழி போரடிக்கும், ஆனா இது ஒண்ணு தான் வழி: ப்ராட்ல மாடலுக்குள்ள போன ஃபீச்சர் வேல்யூவ ரெக்வெஸ்ட் ஐடி, டைம்ஸ்டாம்போட லாக் பண்ணுங்க, கொஞ்ச நாள் கழிச்சு அதே ஐடிகளுக்கு ட்ரெயினிங் கோட வச்சு ஃபீச்சர மறுபடி கணக்கு பண்ணுங்க, ஒவ்வொரு காலத்துக்கும் (column) ரெண்டு பக்கத்து வேல்யூவையும் கழிச்சு பாருங்க. எந்த காலம் இடிக்குதுன்னு பளிச்சுனு தெரியும். எல்லாமே பொருந்துதுன்னா ட்ரெயினிங் டேட்டால லீக்கேஜ் இருக்கான்னு பாருங்க, ப்ரெடிக்ட் பண்ற நேரத்துல கைல இல்லாத விஷயம், உதாரணத்துக்கு அப்புறமா அப்டேட் ஆன ஒரு ஸ்டேட்டஸ் காலம், ட்ரெயினிங் டேபிள்ல ஒக்காந்திருக்கும். ஒரே கணக்க ரெண்டு எடத்துல எழுதாம இருக்கத்தான் ஃபீஸ்ட் மாதிரி ஃபீச்சர் ஸ்டோர் எல்லாம் வந்துது. ஒரே மாடல் தான் இருக்குன்னா அது ஓவர், ரெண்டு பக்கமும் ஒரே ஃபங்ஷன கூப்பிட்டா போதும்.

ஷேடோ, கேனரி, ஏ/பி டெஸ்ட், மூணும் ஒண்ணு தானே?

இல்ல. ஷேடோல புது மாடலுக்கும் அதே ரெக்வெஸ்ட் போகும், பதில் யாருக்கும் போகாது, லாக்ல மட்டும் விழும். ஸ்கோர் எப்படி பரவுது, ஸ்பீடு எப்படின்னு பாக்கலாம், முன்னாடி கேள்வில சொன்ன ஃபீச்சர் பிரச்சனைய யாருக்கும் அடிபடாம புடிக்கலாம். கேனரில 1 இல்ல 5 சதவீதம் ட்ராஃபிக் நெஜமாவே புது மாடலுக்கு போகும், ஒடையுதான்னு பாக்க. ஏ/பி வேற கேள்விக்கு பதில்: எது பிசினஸுக்கு நல்லதுன்னு. அதுக்கு ஆளுங்கள ரேண்டமா பிரிக்கணும், ஒரே யூசர் எப்பவும் ஒரே பக்கம் இருக்கணும், போதுமான சாம்பிள் வரணும். கேனரிய ரெண்டு நாள் ஓட்டிட்டு கன்வர்ஷன் ஏறிடுச்சுன்னு மீட்டிங்ல சொல்றவங்கள நம்பாதீங்க.

ரோல்பேக்னா பழைய மாடல திரும்ப போடுறது, இதுல என்ன இருக்கு?

போட்டா போதுமாங்கறது தான் கேள்வி. புது மாடலுக்காக ஃபீச்சர் டேபிள்ல ஒரு காலத்த மாத்தியிருந்தா பழைய மாடல் திரும்பி வந்தாலும் பட்டினி தான். அதனால ஃபீச்சர சேர்க்கலாம், பழச உடனே எடுக்கக்கூடாது, ஒரு ரிலீஸ் தாண்டி தான் எடுக்கணும். ரோல்பேக்கும் முழு மூட்டையா தான்.

2012 ஆகஸ்ட் 1ல நைட் கேபிடல்ங்கற ட்ரேடிங் கம்பெனிக்கு நடந்தது எம்எல் இல்ல, ஆனா இங்க சொல்லியே ஆகணும். 8 சர்வர்ல புது கோட் போகணும், ஒண்ணுல போகல. அந்த ஒண்ணுல இருந்த பழைய செத்த கோட், அத கிளப்புற அதே ஃப்ளாக (ஆன்/ஆஃப் ஸ்விட்ச்) புதுசுக்கும் பயன்படுத்தினதால, முழிச்சுக்கிச்சு. பிரச்சனை புது கோட்லன்னு நெனச்சு சரியா இருந்த 7 சர்வர்லயும் புதுச எடுத்தாங்க, இப்ப 8லயும் பழைய கோட் முழிச்சுக்கிச்சு. முக்கா மணி நேரத்துல 44 கோடி டாலருக்கு மேல போச்சு. எந்த சர்வர்ல எந்த வெர்ஷன் ஓடுதுன்னு ஒரே கமாண்ட்ல தெரியணும், ஒவ்வொரு ரெஸ்பான்ஸ்லயும் மாடல் வெர்ஷன் போகணும், ரோல்பேக்க ஸ்டேஜிங்ல நெஜமாவே பண்ணி பாத்திருக்கணும்.

எப்ப ரீட்ரெயின் பண்ணணும்? மாசத்துக்கு ஒரு தடவன்னு வச்சுக்கலாமா?

வச்சுக்கலாம், ஆனா அது மட்டும் பத்தாது. உண்மையான லேபிள் (கடைசில நெஜமா என்ன ஆச்சுங்கறது) சீக்கிரம் வர்ற எடத்துல, கிளிக் பண்ணினாங்களா மாதிரி, நேரா பெர்ஃபாமன்ஸ பாருங்க. லோன் கட்டுவாங்களா மாதிரி லேபிள் வர ஒரு வருஷம் ஆகும்னா இன்புட்டோட பரவல தான் பாக்கணும். கிரெடிட் ஸ்கோரிங்ல இருந்து வந்த பிஎஸ்ஐங்கற (பாப்புலேஷன் ஸ்டெபிலிட்டி இண்டெக்ஸ், பரவல் எவ்ளோ மாறியிருக்குன்னு சொல்றது) நம்பர் ஒண்ணு இருக்கு, 0.1க்கு கீழன்னா பிரச்சனை இல்ல, 0.25 தாண்டினா பெருசா மாறிடுச்சுன்னு எடுத்துக்குவாங்க, கைக்கணக்கு தான், வேதம் இல்ல. 2020 மார்ச்சுல லாக்டவுன் வந்தப்போ வாங்குற பழக்கம், போற வர்ற பழக்கம் எல்லாம் ஒரே வாரத்துல மாறிச்சு, மாசக்கணக்கு வச்சிருந்த டிமாண்ட் ஃபோர்காஸ்ட் எல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது. ஒண்ணு மட்டும், ட்ரிஃப்ட் (டேட்டாவோட பரவல் மாறுறது) அலர்ட் வந்ததும் ஆட்டோமேட்டிக்கா ரீட்ரெயின் பண்ணி ப்ராடுக்கு தள்ளாதீங்க. பாதி நேரம் அது ட்ரிஃப்ட் இல்ல, மேல எங்கேயோ ஒரு டேட்டா ஜாப் ஒடைஞ்சு ஒரு காலம் (column) முழுக்க நல் (null) வேல்யூவா வந்துட்டிருக்கும், அந்த குப்பைல ட்ரெயின் பண்ணி அதையும் ப்ராட்ல ஏத்திடுவீங்க.

நாங்க எல்எல்எம் (பெரிய மொழி மாடல்) ஏபிஐ தான் யூஸ் பண்றோம், மாடலே எங்ககிட்ட இல்ல. இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?

மூட்டைக்குள்ள இருக்குறது மட்டும் தான் மாறுது. உங்க மூட்டை இப்போ ப்ராம்ப்ட், மாடல் பேரு, டெம்ப்பரேச்சர் (பதில் எவ்ளோ மாறி மாறி வரலாம்ங்கற செட்டிங்), டூல் டெஃபனிஷன், பதில பார்ஸ் பண்ற கோட், தேடி எடுத்து குடுக்குறீங்கன்னா அந்த இன்டெக்ஸும் எம்பெடிங் மாடலும் (டெக்ஸ்ட வெக்டாரா, அதாவது நம்பர் வரிசையா மாத்துறது). எம்பெடிங் மாடல மாத்தினா இன்டெக்ஸ முழுசா திரும்ப கட்டணும், பழைய வெக்டாரும் புது வெக்டாரும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே முடியாது. ப்ராம்ப்ட்ட டேட்டாபேஸ்ல வச்சு ப்ராட்ல நேரா எடிட் பண்றாங்க சில பேர், அது டெஸ்ட் பண்ணாத கோட ப்ராட்ல டைப் பண்றது தான், கிட்ல வைங்க.

மாடல் பேர்ல தேதி போட்ட வெர்ஷன் குடுக்குறாங்கன்னா அதையே போடுங்க, பொதுப்பேரு போட்டா அவங்க பின்னாடி மாத்தும்போது உங்களுக்கு ஒரு டெப்ளாய்மென்ட் நடந்திருக்கும், உங்களுக்கே தெரியாது. கோல்டன் ஃபைல் இங்கயும் வேணும், ஆனா டெம்ப்பரேச்சர் 0 வச்சாலும் எழுத்துக்கு எழுத்து அதே பதில் வரும்னு உத்தரவாதம் இல்ல, அதனால ஜேசான் சரியா பார்ஸ் ஆகுதா, கேட்ட ஃபீல்டு இருக்கா, சொல்லக்கூடாதத சொல்லுதான்னு செக் பண்ணுங்க. தேதி போட்ட வெர்ஷனையும் ஒரு நாள் நிறுத்திடுவாங்க, நிறுத்துற தேதிய முன்கூட்டியே சொல்வாங்க, அத காலண்டர்ல போட்டு வைங்க, அதுக்கு கொஞ்ச வாரம் முன்னாடியே அடுத்த வெர்ஷன ஷேடோல ஓட விடுங்க.